பிக்கப்புக்கு சஸ்பென்ஷன் மாற்றும் முன் எடை மேடைக்குப் போங்கள்

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் 4x4 இருக்கிறது. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வாரத்தில் நான்கைந்து நாள் தோப்புக்கு உரம், பைப், தேங்காய் ஏற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வால்பாறை, அங்கிருந்து எஸ்டேட் மண்பாதைகள். சுமை ஏற்றினால் பின்பக்கம் பள்ளத்தில் 'டம்' என்று அடிக்கிறது. காலியாகப் போனால் தூக்கிப் போடுகிறது. பாறை ஏறும்போது அடியில் தட்டுகிறது. 2 அங்குல லிஃப்ட் கிட் போதுமா, 4 அங்குலம் போடலாமா? எந்த பிராண்டு நல்லது? நீளமான ஷேக்கிள் போட்டால் மலிவாக முடியும் என்கிறார்கள், செய்யலாமா?"

4 அங்குலம் வேண்டாம். பின் ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டுவதும் வேண்டாம். 40 முதல் 50 மி.மீ. வரை உயர்ந்தால் உங்கள் தேவைக்குத் தாராளம். ஆனால் உயரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற கிட்டைத் தேடுவது தலைகீழான வழி. வண்டி மேல் எவ்வளவு எடை எப்போதும் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் ஸ்பிரிங்கைத் தீர்மானிக்கிறது. அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்றதுதான் ஷாக் அப்சார்பர். உயரம் இவற்றோடு கூட வருவது.

நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் மூன்று வேறு விஷயங்கள். அடியில் தட்டுவதை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் பாதிக்கு சஸ்பென்ஷன் பதிலே அல்ல. வண்டியை மேடேற்றி அடியில் எங்கே கீறல் இருக்கிறது என்று பாருங்கள். பின் ஆக்ஸிலின் நடுவில், டிஃபரன்ஷியல் உருண்டையில் கீறல் இருந்தால் எந்த லிஃப்ட் கிட்டும் உதவாது. வி-கிராஸில் பின்பக்கம் முழு ஆக்ஸில். அது டயரோடு சேர்ந்து தரையிலிருந்து ஒரே உயரத்தில்தான் நிற்கும். லிஃப்ட் கிட் ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும் சேஸிஸையும் பாடியையும்தான் தூக்கும். ஆக்ஸிலை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். 255/60 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 763 மி.மீ. அதை 265/65 ஆர்18 ஆக்கினால் சுமார் 802. வித்தியாசத்தில் பாதி, அதாவது 19 மி.மீ., ஆக்ஸிலுக்கு அடியில் கிடைக்கும். அதற்கும் விலை உண்டு: ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 63-ல் போவீர்கள், இழுவை கொஞ்சம் குறையும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கீறல் ஃபுட்போர்டிலோ, சேஸிஸ் நடுவிலோ, முன் பம்பர் அடியிலோ, பின் பம்பரிலோ இருந்தால் சரி, அங்கே லிஃப்ட் உதவும். முன்பக்க டிஃபரன்ஷியல் சேஸிஸோடு பிணைந்திருப்பதால் அதுவும் சேர்ந்து உயரும்.

இப்போது எடை. உங்கள் ஊரில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. வழக்கமான சுமையோடு ஒரு முறை, டீசல் டேங்க் நிரப்பி, சரக்கு ஏற்றும் பின் தொட்டியைக் காலியாக வைத்துக் குடும்பத்தோடு ஒரு முறை போங்கள். ஒவ்வொரு முறையும் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை. கழித்தால் பின் ஆக்ஸில் எடை வந்துவிடும். ஆர்.சி. புத்தகத்தில் காலி எடையும் மொத்த எடை வரம்பும் இருக்கும். அந்த இடைவெளிக்குள்தான் ஆட்களும் சரக்கும் அடங்க வேண்டும். யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ. பத்து மூட்டை போட்டு நான்கு பேர் ஏறினாலே எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். லைஃப்ஸ்டைல் வண்டியாக விற்கப்படும் டபுள் கேப் பிக்கப்பின் சுமைத் திறன், தொட்டியின் அளவைப் பார்த்து நாம் நினைப்பதைவிடக் குறைவு. கனமான ஸ்பிரிங் போட்டால் வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். ஆக்ஸில், பேரிங், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழையவைதான். வரம்பு ஒரு கிலோகூட ஏறாது.

பின்பக்கப் பட்டைகள், அதாவது லீஃப் ஸ்பிரிங்குகள், பெரும்பாலான கிட்களில் மூன்று தரத்தில் வரும்: காலியாக அல்லது லேசான சுமைக்கு, நிலையான நடுத்தரச் சுமைக்கு, நிலையான கனச் சுமைக்கு. இதில் 'நிலையான' என்ற சொல்லைத்தான் வாங்குபவர்கள் கவனிப்பதில்லை. தொட்டியில் எப்போதும் கிடக்கும் எடை அது: கேனபி (தொட்டியை மூடும் கூடு), டூல் பாக்ஸ், மீன் பிடிக்கிறவர்களுக்கு ஐஸ் பெட்டி என்று இறக்கவே இறக்காதவை. வாரத்தில் சில மணி நேரம் ஏற்றி இறக்கும் உரம் அதில் சேராது. என்றைக்கோ ஏற்றும் அதிகபட்சச் சுமையை நினைத்துக் கனமான பட்டை வாங்கினால், மீதி நேரமெல்லாம் அது வளையாத இரும்புக் கட்டையாக இருக்கும். காலி வண்டியில் டயர் தரையைப் பிடிக்காமல் துள்ளும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மழையில் நனைந்த வளைவில் பின் டயர் துள்ளினால் வண்டி வெளிப்பக்கம் வழுக்கும். பின் சீட்டில் குடும்பம் இருக்கும்போது அந்த ஆபத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

உங்களைப் போல காலியும் சுமையும் மாறி மாறி ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றது இரண்டு கட்டமாக வேலை செய்யும் பட்டைக் கட்டு. மேலே மெல்லிய பட்டைகள் எண்ணிக்கையில் கூடுதலாக இருக்கும், காலியாக ஓடும்போது அவை மட்டும் வளையும். அடியில் தடித்த பட்டை ஒன்று சற்று விலகி நிற்கும், சுமை ஏறி மேல் பட்டைகள் தாழ்ந்த பிறகுதான் அது தாங்கத் தொடங்கும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: லேசு அல்லது நடுத்தரப் பட்டைக் கட்டில் இந்த இரண்டாம் கட்டம் எத்தனை கிலோவுக்கு மேல் தொடுகிறது? தொட்டியில் நிலையாக எதுவும் இல்லையென்றால் லேசான கட்டு. கேனபி போட்டிருந்தால் நடுத்தரம்.

பட்டறையில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது எப்போதும் சுமையோடே ஓடும் வண்டிக்குப் பரவாயில்லை. உங்களுக்கு அது சுமையில் அடிப்பதைக் குறைத்து, காலியில் தூக்கிப் போடுவதை மோசமாக்கும். பழைய பட்டையை அடித்து வளைத்துத் தருவதோ சில மாதத்தில் மறுபடி படுத்துவிடும். பட்டைக்கும் சேஸிஸுக்கும் நடுவே காற்றுப் பை வைப்பதையும் சிலர் சொல்வார்கள். பட்டை தன் மேல் வரும் எடையை இரு முனைகளிலும் பிரித்துக் கொடுக்கிறது. காற்றுப் பையோ நடுவில் ஒரே புள்ளியில் சேஸிஸை முட்டும். பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் அதிகச் சுமை ஏற்றிக் குண்டுகுழியில் ஓட்டினால் அந்த இடத்தில் சேஸிஸே வளையும். ஆஸ்திரேலியாவில் இப்படி முதுகு ஒடிந்த பிக்கப்கள் நிறைய.

ஷேக்கிள் விஷயம் இது. 50 மி.மீ. நீளமான ஷேக்கிள் போட்டால் வண்டி உயர்வது ஏறக்குறைய 25 மி.மீ. பட்டையின் பலம் அதேதான், ஆகவே சுமையில் 'டம்' அப்படியே இருக்கும். கூடவே ஆக்ஸில் சற்றுச் சுழன்று புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் கோணம் கெடும், அதிர்வு வரும். வளைவில் பின்பக்கம் பக்கவாட்டில் ஆடுவதும் கூடும். மலிவு என்பதைத் தவிர அதில் ஒரு நன்மையும் இல்லை.

முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் பிடிக்கும் அமைப்பு; அதோடு காயில் ஸ்பிரிங். 4 அங்குலம் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஆக்ஸில் ஷாஃப்டின் இரு முனைகளிலும் வளைந்தபடியே சுழலும் சி.வி. ஜாயின்ட் உண்டு. வண்டியை உயர்த்த உயர்த்த அந்த ஷாஃப்ட் சரிவாகிறது. 50 மி.மீ. வரை ஜாயின்ட் தாங்கும். அதற்கு மேல் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் போய் மண் புகும், ஜாயின்ட் போய்விடும். மேல் ஆர்மின் பால் ஜாயின்ட்டும் தன் எல்லையில் போய் முட்டும். இன்னொன்று, சஸ்பென்ஷனின் மொத்த ஓட்டம் மாறுவதில்லை. வண்டியை உயர்த்தினால் சக்கரம் மேலே போக இடம் கூடுகிறது, பள்ளத்தில் கீழே இறங்க இடம் குறைகிறது. பாறைப் பாதையில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடுவதில்தான் பிடிமானம். ஆகவே அளவுக்கு மீறி உயர்த்திய வண்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும், காட்டுப் பாதையில் ஒரு சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும்.

முன்பக்கக் காயிலும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஸ்பேசரும் இதே வகைதான். 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் 25-ஐவிட நன்றாகவே கூடுதலாக உயர்த்திவிடும், ஏனென்றால் ஸ்ட்ரட் சக்கரத்துக்கு நேராக இல்லாமல் ஆர்மின் உட்புறத்தில் நிற்கிறது. ஸ்பேசருக்குப் பதிலாக சரியான காயிலும் ஷாக்கும் சேர்ந்த முழு ஸ்ட்ரட்டாக வாங்குங்கள். உயர்த்தினால் காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். அப்போது வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். 40 மி.மீ. அளவில் பெரும்பாலும் அலைன்மென்ட்டிலேயே சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் கோணம் திருத்திய மேல் ஆர்ம் தேவைப்படும், அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

முன்பக்கத்துக்குக் கனமான காயில் வேண்டாம். அது முன்னால் இரும்புக் காப்புக் கம்பியான புல் பாரும், வண்டியை இழுக்கும் வின்ச்சும் சுமக்கும் வண்டிக்கு. புல் பார்களை மத்திய அரசு 2017 டிசம்பரில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டித் தடுத்துவிட்டது.

ஷாக் அப்சார்பரில்தான் கடைக்காரர்கள் அதிகம் விற்கப் பார்ப்பார்கள். பக்கத்தில் தனி டப்பா தொங்கும் ரிசர்வாயர் ஷாக் அழகாக இருக்கும். அது தார் பாலைவனத்திலோ கட்ச் வெளியிலோ அலைஅலையான மண்சாலையில் மணிக்கணக்கில் வேகமாக ஓடும்போது ஆயில் சூடேறாமல் இருக்க. ஆனைமலை எஸ்டேட் பாதையில் முதல் இரண்டு கியரில் ஊர்கிற வண்டிக்கு ஷாக் அவ்வளவு சூடாவதே இல்லை. மோனோட்யூப் வகை சாலையில் கச்சிதமாக நிற்கும், சூட்டையும் நன்றாக வெளியேற்றும். ஆனால் அதன் வெளிக்குழாய்தான் பிஸ்டன் ஓடும் குழாயும். கல் பட்டு ஒடுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ட்வின் ட்யூபில் உள்ளே இன்னொரு குழாய் இருப்பதால் சிறு ஒடுங்கலைத் தாங்கும், சவாரியும் கொஞ்சம் மென்மை. பெரிய விட்டமுள்ள ட்வின் ட்யூப், கேஸ் நிரப்பியதோ ஃபோம் செல் வகையோ, உங்களுக்குப் போதும். புதுப் பட்டைக்குப் பழைய ஷாக்கையோ, வேறு கம்பெனி ஷாக்கையோ சேர்க்காதீர்கள். அழுத்தமான ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அடக்க அதற்கேற்ற ஷாக் வேண்டும்.

பிராண்டு என்று பார்த்தால் ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் எமு, அயர்ன்மேன், டாபின்சன்ஸ், தாய்லாந்தின் புரோஃபெண்டர், ஜெர்மனியின் பில்ஸ்டைன் எல்லாமே டி-மேக்ஸுக்குச் செய்கிறார்கள். டி-மேக்ஸ் பெருமளவில் ஓடும் நாடுகள் தாய்லாந்தும் ஆஸ்திரேலியாவும். இதில் பிராண்டைவிட முக்கியம் தலைமுறை. ஸ்ரீசிட்டியில் தயாராகி 2016 முதல் இங்கே விற்ற வி-கிராஸ், தாய்லாந்தில் 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை. அங்கே 2019-ல் மூன்றாம் தலைமுறை வந்துவிட்டது. வெளிநாட்டு இணையதளத்தில் 'டி-மேக்ஸ்' என்று மட்டும் பார்த்து ஆர்டர் செய்தால் புது வண்டியின் பாகம் வந்து சேரும், உங்களுடையதில் பொருந்தாது. உங்கள் வண்டியின் தயாரிப்பு ஆண்டைச் சொல்லி, பாக எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு செலவில்லாத சோதனை. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் கம்பெனி ஷாக் பெரும்பாலும் செத்திருக்கும். ஆயில் கசிவு, பட்டையின் புஷ், பட்டைகளுக்கு நடுவே துரு, இதெல்லாம் பாருங்கள். டயர் காற்றையும் பாருங்கள். சுமைக்கான காற்றை வைத்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை காலியாக ஓட்டினால் எந்தப் பிக்கப்பும் தூக்கிப் போடத்தான் செய்யும். காலிக்கு எவ்வளவு, சுமைக்கு எவ்வளவு என்று கம்பெனி சொன்னபடி மாற்றி ஒரு வாரம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் குறைக்குத்தான் கிட்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் 52-ஆம் பிரிவை வைத்துத் தீர்ப்பளித்திருக்கிறது. உயரத்தை அடக்கமாக வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்களை எறியாமல் வையுங்கள்.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள். பட்டையை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ-போல்ட் புதிதாக இருக்க வேண்டும், ஒரு முறை இறுக்கி இழுபட்ட பழையதைத் திரும்பப் போடக் கூடாது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று முழு எடையும் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும், இல்லையென்றால் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். இந்த ஒன்றில்தான் பல பட்டறைகள் அவசரப்படுகின்றன. சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடுகிறதா என்று பாருங்கள். பின்பக்கம் சுமைக்கேற்ப பிரேக்கை மாற்றும் வால்வு இருந்தால் அதையும் புது உயரத்துக்குச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் நான்கு சக்கரத்திலும் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். ஹெட்லைட்டை இறக்கி வைக்கச் சொல்லுங்கள், உயர்ந்த வண்டியின் வெளிச்சம் மலைச்சாலையில் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் யூ-போல்ட்டுகளைத் திரும்ப டார்க் ரெஞ்சில் இறுக்கி, அலைன்மென்ட்டை மறுபடி பாருங்கள். ஃபெண்டர் அளவையும் மீண்டும் எடுங்கள். புது ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் படிவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் பொருத்தியவரிடமே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். கிளம்பும்போது நடுவில் உதறல் தெரிந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சென்டர் பேரிங்கைக் கொஞ்சம் இறக்கி வைக்கும் சிறு ஸ்பேசர் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.