'பாராட்டு' என்பதற்கு இணையான சொற்கள் எவை? எல்லாமே ஒரே பொருள்தானா?

பாராட்டு, புகழ், மெச்சு, போற்று, சிலாகி, வாழ்த்து என்று அகராதி வரிசையாகத் தந்துவிடும். ஆனால் ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது சரியாக உட்காராது. யார் யாரைச் சொல்கிறார் என்று முதலில் பாருங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

மெச்சுவது பெரும்பாலும் மூத்தவர் இளையவரை. மாமி மருமகளின் கைப்பக்குவத்தை மெச்சலாம்; மாணவன் ஆசிரியரை மெச்சினான் என்றால் காதில் உறுத்தும். போற்றுவது இதற்கு நேரெதிர். இங்கே திருகோணமலையில் கோணேசர் கோயில் அர்ச்சனையில் 'போற்றி, போற்றி' என்கிறோமே, அதுதான் அதன் இடம். பேணிக் காப்பது என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. மூத்தோர் தந்ததைப் போற்றுகிறோம் என்றால் பேச்சோடு நிற்க முடியாது, கெடாமல் வைத்திருக்கவும் வேண்டும்.

'உறவு பாராட்டுதல்', 'பகைமை பாராட்டுதல்' என்றும் சொல்கிறோம், கவனித்திருப்பீர்கள். மனதில் உள்ளதை வெளிப்படக் காட்டுவதுதான் பாராட்டு. அதனால் அதை வாய்திறந்து சொல்ல வேண்டும். மெச்சுவதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

நேற்றுச் சாப்பிட்ட பாரைமீன் குழம்பைப் பற்றி, புளி எவ்வளவு பதமாக நின்றது என்று இன்று இன்னொருவரிடம் ரசித்துச் சொன்னால் அது சிலாகிப்பு. புகழ்ச்சி பொதுவான சொல்; அளவு மீறினால் முகஸ்துதி.

எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தருவது வாழ்த்தும் பாராட்டும் கலந்துபோவதுதான். பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்குப் போகும் பிள்ளையை வாழ்த்துங்கள். பெறுபேறு வந்து ஒன்பது 'ஏ' எடுத்திருந்தால் பாராட்டுங்கள். வாழ்த்து இனி வரவேண்டிய நன்மைக்கு, பாராட்டு செய்து முடித்ததற்கு. இரண்டுக்கும் 'வாழ்த்துகள்' என்றே போட்டால் அந்தப் பிள்ளை பட்ட பாட்டைப் பற்றி நாம் ஒன்றுமே சொல்லவில்லை.

அப்புறம் எங்கள் பேச்சு வழக்கு. 'கறி திறம்' (மிக நன்றாக இருக்கிறது), 'அவள் கெட்டிக்காரி', இவை முழுமையான பாராட்டுகள். சந்தையில் ஒரு ஆச்சியின் பையைத் தூக்கிக் கொடுத்தால் 'நன்றி' வராது, 'நல்லா இருப்பாய் மகன்' என்பார். நன்றியும் வாழ்த்தும் ஒரே மூச்சில். இந்தச் சொற்களை மேடைப் பாராட்டுரையில் பலர் தவிர்ப்பார்கள். நீங்கள் கதையோ கடிதமோ எழுதுவதாக இருந்தால் தயங்காமல் போடுங்கள்.