ஆதியாகமம் முதல் அதிகாரமும் இடைக்கால யூத உரைகளும்: கேள்வி பதில்

கேள்வி: ராஷி என்ற பெயர் எங்கும் வருகிறது. படைப்புக் கதையைப் பற்றி அவர் என்ன சொல்கிறார்?

பதில்: ராஷி (1040–1105) பிரான்சின் துருவா நகரத்து ரபி, அதாவது யூத மத ஆசான்; வேதத்துக்கு உரை எழுதியவர். தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) கட்டளைகளின் நூல்தானே, யாத்திராகமம் 12இல் இஸ்ரவேலருக்குக் கிடைத்த முதல் கட்டளையோடு தொடங்கியிருக்கலாமே என்ற பழைய கேள்வியோடு உரையை ஆரம்பிக்கிறார். 'கானான் நாட்டைக் கொள்ளையடித்தவர்கள்' என்று இஸ்ரவேலரைப் பிற இனத்தார் பழித்தால், பூமி முழுவதும் கடவுள் படைத்தது, அவர் விரும்பியவருக்குக் கொடுப்பார் என்று பதில் சொல்லத்தான் இந்தக் கதை என்கிறார். அப்புறம், முதல் வசனம் எது முந்தி எது பிந்தி என்று சொல்ல வரவில்லை என்றும் எழுதுகிறார். இரண்டாம் வசனத்திலேயே தண்ணீர் இருக்கிறது, அது எப்போது உண்டானது என்ற பேச்சே இல்லையே!

கேள்வி: சூரியன் நான்காம் நாள்தான். முதல் நாள் வெளிச்சம் எங்கிருந்து வந்தது ஐயா?

பதில்: அது வேறு வெளிச்சம். தீயவர்களுக்கு அதில் பங்கு கூடாது என்று நீதிமான்களுக்காகக் கடவுள் எடுத்து வைத்துவிட்டார். யூத ரபிகளின் பழைய விவாதத் தொகுப்பான தால்முட் சொல்வதை ராஷி அப்படியே தருகிறார். சூரியன், சந்திரன் முதலிய சுடர்கள் முதல் நாளே உண்டாகி, நான்காம் நாள் வானத்தில் பொருத்தப்பட்டன என்றும் ஒரு விளக்கம் தருகிறார். எனக்கு இரண்டிலுமே முழுத் திருப்தி இல்லை.

கேள்வி: யூதர்களுக்கு நாள் மாலையில் தொடங்குவது இந்த அதிகாரத்தால்தானா?

பதில்: 'சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று' என்று வசனம் மாலையை முதலில் சொல்வதால், பொதுவாக அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ராஷியின் மகள் வயிற்றுப் பேரன் ரஷ்பம், அவரும் உரையாசிரியர்தான், வேறு மாதிரி படித்தார். முதலில் வெளிச்சம், அது பகல். பகல் சாய்ந்து சாயங்காலம் வந்தது. இரவு கழிந்து விடிந்ததும் முதல் நாள் முடிந்தது. ஆக, படைப்பின் நாள் விடியலிலிருந்து விடியல் வரை. வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளை மாற்றச் சொல்லவில்லை, வசனத்தின் நேர்ப்பொருளை மட்டும் சொன்னார்.

1158இல் இங்கிலாந்தில் இருந்த இப்னு எஸ்ரா என்ற யூத உரையாசிரியர் இப்படியொரு உரையைப் பார்த்துக் கொதித்துவிட்டார். 'ஓய்வுநாள் கடிதம்' என்று ஒரு மறுப்பே எழுதி, அந்த உரையைப் பிரதி எடுப்பவன் கை உலர்ந்து போகட்டும் என்று சாபமும் விட்டார். யாரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை, ஆனால் குறி ரஷ்பம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வசனத்தின் ஓட்டம் ரஷ்பம் பக்கம்தான் என்பேன். இத்தனைக்கும் நேர்ப்பொருள், இலக்கணம் என்று வாழ்ந்தவர் இப்னு எஸ்ரா!

கேள்வி: தாத்தா ராஷி இருந்திருந்தால் பேரன் ரஷ்பமைக் கண்டித்திருப்பாரோ?

பதில்: தெரியாது. ஆனால் நேரம் இருந்தால், நாளுக்கு நாள் புதிதாகத் தோன்றும் நேர்ப்பொருளின்படி வேறு உரைகள் எழுதுவேன் என்று தாத்தாவே தன்னிடம் ஒப்புக்கொண்டதாக ரஷ்பம் ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்துக்கான உரையில் எழுதி வைத்திருக்கிறார்.

கேள்வி: பெருவெடிப்பை ரம்பான் அப்போதே சொல்லிவிட்டாராமே?

பதில்: அப்படி இழுக்க வேண்டாம். ஸ்பெயினின் ஜெரோனா நகரத்து ரபியான ரம்பான் (1194–1270) சொன்னது இது: ஒன்றுமில்லாமையிலிருந்து கடவுள் மிக நுண்ணிய மூலப்பொருளை உண்டாக்கினார், பிறகு எல்லாவற்றையும் அதிலிருந்து உருவாக்கினார். அந்த மூலப்பொருளுக்குக் கிரேக்கர் வைத்த பெயரையும் சொல்கிறார். சரி, அதே ரம்பான்தான் ஆறு நாளும் மணிக்கணக்குள்ள உண்மையான நாட்கள் என்றும் எழுதுகிறார். அதை யாரும் பகிர்வதில்லை!

அறிவியலோடு ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் யூத மெய்யியலாளர் மைமோனிடிஸிடம் (1138–1204) போங்கள். உலகம் என்றென்றும் இருப்பது என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை அவர் ஏற்காததற்குக் காரணம் வசனங்கள் அல்ல. வசனங்களுக்கு உருவகப் பொருள் கொள்ளும் வாசல் அடைபடவில்லை என்கிறார். அரிஸ்டாட்டில் அதை நிரூபிக்கவில்லை, அந்தக் கருத்து தோராவின் அடிப்படையையே தகர்த்துவிடும் என்பவைதான் அவர் சொல்லும் காரணங்கள்.