மக்னீசியமும் ஸ்டெம் செல்லும்: கேள்வி பதில்

கே: ஐயா, உடைந்த எலும்பைத் தாங்கிவிட்டு உடலிலேயே கரையும் மக்னீசியத் தகட்டில் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை (எலும்புச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்கள்) விட்டேன். மறுநாளே எல்லாம் செத்து மிதக்கின்றன. செல்லில் கோளாறா, உலோகத்திலா?

ப: அவசரத்தில் கோளாறு. புதிதாகத் தேய்த்த மக்னீசியம் மீடியத்தில் (செல் வளர்க்கும் ஊட்ட நீர்மம்) விழுந்ததும் பொங்கும். 1 மில்லிகிராம் கரைந்தால் ஏறக்குறைய 1 மில்லிலிட்டர் ஹைட்ரஜன். கூடவே காரத்தன்மை ஏறும். குமிழி கிளம்புகிற பரப்பில் செல் எப்படிக் கால் ஊன்றும்?

தகட்டை நீரற்ற எத்தனாலில் கழுவி, உலர்த்தி, கிருமி நீக்குங்கள். சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) கலந்த மீடியத்தில் 37 டிகிரியில், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு உள்ள இன்குபேட்டரில் 24 மணி நேரம் ஊறட்டும். அந்த மீடியத்தைக் கொட்டிவிட்டு, செல்களைச் சிறு துளியாக மேலே விட்டு, அவை ஒட்டிய பிறகு நிறைய மீடியம் ஊற்றுங்கள். மீடியத்தில் கஞ்சத்தனம் பார்த்தால் காரம் தேங்கும். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) மட்டும் வைக்காதீர்கள். நீராவியே தகட்டை அரித்துவிடும். காமா கதிர் நல்லது.

கே: ஆட்டோகிளேவ் செய்யலாமா?

ப: கூடாது. மேலே இருக்கிறது.

கே: எங்கள் எம்டிடி சோதனையில் (உயிருள்ள செல் சாயத்தை ஊதாவாக்கும் சோதனை) செல் உயிர்ப்பு 140 சதவீதம். உலோகம் செல்களை வளர்க்கிறது என்று எழுதலாம்தானே?

ப: எழுதாதீர்கள். அந்தச் சாயத்தின் நிறத்தை மக்னீசியமே மாற்றும்.

கே: (அதே நபர்) நான் போட்டது உலோகத்தை அல்ல, அதை மீடியத்தில் ஊறவைத்து எடுத்த சாற்றை. பிறகென்ன?

ப: சாறும் செய்யும். காரம் மிகுந்த மக்னீசியச் சாற்றில் செல்லே இல்லாமல் ஊதா நிறம் வரலாம்.

கே: எல்லா ஆய்வுக்கட்டுரையிலும் எம்டிடிதானே இருக்கிறது?

ப: இருக்கட்டும். வளர்ப்புத் தட்டின் ஒரு குழியில் செல் இல்லாமல் சாறும் சாயமும் மட்டும் ஊற்றிப் பாருங்கள், வழக்கு அங்கேயே முடிந்துவிடும். டிஎன்ஏ அளவையோ பிஆர்டியூவையோ (செல் பெருகும்போது புது டிஎன்ஏவில் சேரும் அடையாளப் பொருள்) நம்பலாம். சாற்றை 6 முதல் 10 மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். உடலில் ரத்த ஓட்டம் கரைந்ததை அடித்துக்கொண்டு போகும், உங்கள் குழியில் போகாது.

அலிசரின் சிவப்பிலும் (கால்சியப் படிவைச் சிவக்க வைக்கும் சாயம்) இதே பொறிதான். தகட்டின் மேல் மீடியத்திலிருந்தே கால்சியம் பாஸ்பேட் படியும், அதுவும் சிவக்கும். 21 நாள் டெக்ஸாமெத்தசோனும் அஸ்கார்பிக் அமிலமும் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் (செல்லை எலும்பாக மாறத் தூண்டும் கலவை) கொடுத்து, செல் எலும்பாக்கியது என்று குதிக்குமுன், செல் வைக்காத தகட்டையும் அதே 21 நாள் ஊறவைத்து ஒப்பிடுங்கள்.

கே: மக்னீசியத்துக்குப் பதில் இரும்பு, துத்தநாகம்?

ப: இரும்பு மிக மெதுவாகக் கரையும், எம்ஆர்ஐ படத்தையும் கெடுக்கும். துத்தநாகத்தின் வேகம் இரும்புக்கும் மக்னீசியத்துக்கும் நடுவில். ஆனால் அதன் அயனி கொஞ்சம் மிஞ்சினாலும் செல் சாகும். விறைப்பில் எலும்புக்கு அருகில் வருவது மக்னீசியம்: சுமார் 45 ஜிகாபாஸ்கல். டைட்டானியக் கலவை 110.

கே: மக்னீசியத் தகட்டை எஃகுத் திருகால் பொருத்தலாமா?

ப: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெல்ஜிய மருத்துவர் லாம்போத் அப்படிச் செய்து பார்த்தார். இரண்டு உலோகமும் உப்பு நீரும் சேர்ந்தால் மின்கலம்தான். தகடு சில நாளிலேயே அரித்து, தோலடியில் வாயு தேங்கியது.

கே: அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. ஸ்டெம் செல் வைத்த மக்னீசியம் கிடைக்குமா?

ப: எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். ஐரோப்பாவில் 2013 முதல் அனுமதி பெற்ற மக்னீசியத் திருகு இருக்கிறது, அதில் செல் கிடையாது. இரண்டும் சேர்ந்தது இன்னும் ஆய்வகத்து வேலை.

கே: ஐயா, வழக்கமான 121 டிகிரி வேண்டாம், 110இல் ஆட்டோகிளேவ்?

ப: 110இலும் நீராவி நீராவிதான்.