செஞ்சிலுவையும் செம்பிறையும் சேர்ந்த தீப்பெட்டி லேபிள்

கேள்வி: மகிளா ஹாட்டில் ஞாயிறுதோறும் கூடும் பழைய புத்தகச் சந்தையில், செஞ்சிலுவையும் செம்பிறையும் அருகருகே அச்சிடப்பட்ட தீப்பெட்டி லேபிள்கள் சில வாங்கினேன். எழுத்து ரஷ்ய மொழி போலிருக்கிறது. ஓரத்தில் 1820-56 என்று உள்ளது. அது அச்சான ஆண்டு என்றார் விற்றவர். உண்மையா? நம் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் இத்தகைய லேபிள்கள் உண்டா?
– ஒரு வாசகர், கரோல் பாக், புது தில்லி

பதில்: இங்கிலாந்தின் ஜான் வாக்கர் உரசினால் பற்றும் தீக்குச்சியை விற்கத் தொடங்கியதே 1827இல்தான், செஞ்சிலுவை இயக்கம் ஜெனீவாவில் உருவானது 1863இல். ஆகவே விற்றவர் சொன்ன கணக்கு எவ்வகையிலும் பொருந்தாது. 1820 என்பது தீக்குச்சிகளுக்கான சோவியத் தரக்கட்டுப்பாட்டு விதியின் எண். 56 என்பது அவ்விதி திருத்தப்பட்ட 1956ஆம் ஆண்டு. எனவே உங்கள் லேபிள்கள் அதற்கு முற்பட்டவையாக இருக்க முடியாது.

இரு சின்னங்களும் ஒன்றாக இருப்பதும் சோவியத் அடையாளமே. ரஷ்யா முதலிய குடியரசுகளில் செஞ்சிலுவைச் சங்கங்களும், முஸ்லிம்கள் மிகுந்த மத்திய ஆசியக் குடியரசுகளில் செம்பிறைச் சங்கங்களும் இயங்கியதால், 1923இல் அவற்றை இணைத்து அமைந்த கூட்டமைப்பு இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தியது. ஒரு கோபெக் (ரூபிளில் நூறில் ஒரு பங்கு) விலையில் வீடுதோறும் நுழைந்த தீப்பெட்டியை, சேமிப்பு வங்கி, தீத்தடுப்பு, சாலை விதி என எல்லாவற்றுக்கும் அந்த அரசு விளம்பரப் பலகையாக்கியிருந்தது. அவ்வரிசையில் வந்தவையே உங்களிடம் உள்ளவையும்.

நம் செஞ்சிலுவைச் சங்கம் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அதன் தலைமையகம் உங்கள் ஊரிலேயே, நாடாளுமன்றத்துக்கு அருகில், ரெட் கிராஸ் சாலையில் இருக்கிறது. ஆனால் புலி, சேவல், தெய்வம் என எதையும் விட்டுவைக்காத சிவகாசிக்காரர்கள்கூட இந்தச் சின்னத்தை விருப்பம்போல் அச்சிட இயலாது. மத்திய அரசின் ஒப்புதலின்றி எவரும் அதைப் பயன்படுத்துவதை 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் தடை செய்கிறது. மருந்துக் கடைகளும் ஆம்புலன்சுகளும் இதைப் பொருட்படுத்தாமல் நடந்துகொள்வது வேறு கதை.

லேபிள்களின் பின்புறத்தைப் பாருங்கள். பசைத்தடமோ மரச்செதிலின் நாரோ ஒட்டியிருந்தால் அவை பெட்டியிலிருந்து உரிக்கப்பட்டவை. சுத்தமாக இருந்தால், சேகரிப்பாளர்களுக்கென்றே தொகுப்பாக அச்சிட்டு விற்கப்பட்டவையாக இருக்கலாம். சோவியத் ஆலைகள் அவ்வகைத் தொகுப்புகளையும் ஏராளமாக வெளியிட்டதால், அபூர்வப் பொருள் என்று சொல்லிக் கேட்கப்படும் விலையைத் தயங்காமல் பேரம் பேசிக் குறைக்கலாம்.