இலவச வைத்தியம் உள்ள இலங்கையில் மருந்துக்கு ஏன் காசு செலவாகிறது, அரசாங்கம் என்ன செய்கிறது?

அட்டன் பக்கம் இருந்து கேட்டிருக்கிறீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான். கிளினிக்கில் இல்லாத மருந்தை வெளியே வாங்கத் துண்டு எழுதித் தரும்போதுதான் கைக்காசு இறங்குகிறது.

இதைக் கட்டுப்படுத்தும் முயற்சி பழையது. பேராதனையில் கற்பித்த மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் பல விலைக்கு விற்கப்படுவதைக் கவனித்தார். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் (generic name), டெண்டர் போட்டு, நாட்டுக்கே மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும் என்பது அவர் கணக்கு. அப்படி 1971இல் வந்ததுதான் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம். ஒசுசல என்ற மருந்துக் கடைகள் அதனுடையவை. என்னைக் கேட்டால், இன்றுவரை இதைவிட நல்ல யோசனை வரவில்லை.

அப்புறம் 2015இல் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம். அடுத்த வருடம் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வந்தது. ஆனால் ரூபாய் விழுந்தால் இறக்குமதி மருந்தின் உச்ச விலையையும் உயர்த்தத்தான் வேண்டியிருக்கிறது. 2022இல் பார்த்தோமே.

செலவை ஆராய, சுகாதார அமைச்சின் தேசிய சுகாதாரக் கணக்குகள் உண்டு. தொகைமதிப்புத் திணைக்களத்தின் குடும்ப வருமானச் செலவு ஆய்வு, நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்தே கணக்கெடுக்கிறது. ஆனால் தோட்டத்து லயத்திலிருந்து டவுனுக்குப் போகும் ஓட்டோக் கூலியும் அன்று இழக்கும் பேரும் (நாட்சம்பளமும்) மருந்துச் சிட்டையில் வராது.

துண்டு எழுதும்போது மருந்தின் சொந்தப் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பாமசியில் விலை குறைந்ததைக் கேட்டு வாங்கலாம்.