மான், வேடன், மூன்று வெள்ளி

வணக்கம் ஐயா,

நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். பாட்டி பால்மரம் வெட்டியவர். ஆடி, ஆவணி மாதங்களில் விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) கிளம்பும்போது, கிழக்கே வரிசையாக நிற்கும் மூன்று வெள்ளிகளைக் காட்டி “மான் மேல பட்ட அம்பு” என்பாராம். அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மகனின் புத்தகத்தில் அது ஓரியன் என்ற வேடனின் இடுப்புக்கச்சை என்று போட்டிருக்கிறது. அந்த மூன்றும்தான் மிருகசீரிடம் என்கிறார் இன்னொருவர். எதை மகனுக்குச் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

மிருகசீரிடம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பஞ்சாங்கத்தின் மிருகசீரிடம் அந்த மூன்று வெள்ளிகள் அல்ல. அவற்றுக்கு வடக்கே நெருங்கிக் கிடக்கும், மங்கலான வேறு மூன்று. மானின் தலை அதுதான். இரண்டு இடத்திலும் மூன்று மூன்றாக இருப்பதால் பலரும் குழம்பிவிடுகிறார்கள்.

பாட்டி சொன்னது மிகப் பழைய கதை. ஐதரேய பிராமணம் என்ற பழைய வேத நூலில் வருகிறது. பிரஜாபதி மான் உருவெடுத்துத் தன் மகளையே துரத்துகிறார். பொறுக்காத தேவர்கள் தங்கள் உக்கிரத்தையெல்லாம் ஒன்றுதிரட்டி ஒருவனை உண்டாக்குகிறார்கள். அவன் அம்பெய்கிறான். அடிபட்ட மான் வானத்துக்குத் தாவி நட்சத்திரமாகிறது. மகள் ரோகிணி. எய்தவன் மிருகவியாதன், அதாவது இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். மூன்று துண்டுகள் சேர்ந்த அந்த அம்புதான் பாட்டியின் மூன்று வெள்ளி.

இதை வானத்தில் சரிபார்க்கலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மூன்று வெள்ளிகளின் கோட்டைத் தென்கிழக்கே நீட்டுங்கள், சிரியஸுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். வடமேற்கே நீட்டினால் சிவந்த ரோகிணி. வேடன், அம்பு, மகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டில்! உதிக்கும் வரிசையும் கதையின் வரிசைதான். ரோகிணி முன்னால் எழுகிறாள், சுமார் ஒரு மணி நேரம் கழித்து அம்பு தைத்த மான், இன்னும் ஒரு மணிக்கு மேல் கழித்து வேடன். கதையைக் கட்டியவர்கள் இரவு இரவாக வானத்தைப் பார்த்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிரேக்கர்களின் கதையும் கவனமாகப் பார்த்துச் சொன்னதுதான். ஓரியனைத் தேள் கொட்டிக் கொல்கிறது. அதனால்தான் விருச்சிகம் கிழக்கே எழும்போது அவன் மேற்கே இறங்கிவிடுகிறான். மலாய்க்காரர்கள் இதே கூட்டத்தை பெலந்திக் என்கிறார்கள், விலங்கு வரும் தடத்தில் வைக்கும் ஈட்டிப் பொறி அது. அங்கேயும் வேட்டைதான், பாருங்கள்.

நாம் இருக்கும் இடமும் இதற்கு வசதியானது. மூன்றில் முதலில் எழும் மிந்தாக்கா என்ற நட்சத்திரம் வான நடுக்கோட்டை, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டை, ஒட்டியே இருப்பதால் நேர் கிழக்கில் உதிக்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் வாழும் நமக்கு அது கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறித் தலைக்கு மேலே வந்துவிடும்.

அப்புறம் திருவாதிரையையும் மகனுக்குக் காட்டுங்கள். மூன்று வெள்ளிக்கு வடக்கே செம்மையாக இருக்கும் பெரிய நட்சத்திரம், சிவனுக்கு உரியது, மார்கழித் திருவிழா அதன் பெயரில்தான். நம் சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் தாண்டி விழுங்கிவிடும். 2019 கடைசியில் அது சட்டென்று மங்கியபோது வெடிக்கப் போகிறதோ என்று உலகமே பேசியது. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்ததுதான் காரணம் என்று பிறகு ஆராய்ந்து சொன்னார்கள். ஒருநாள் அது வெடிக்கத்தான் போகிறது, ஆனால் அதற்கு இன்னும் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகலாம்.

ஆகவே இரண்டு கதையையும் சொல்லுங்கள், பாட்டியின் மானை முதலில் சொல்லுங்கள். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிவாக்கில் மான் உச்சிக்கு வந்திருக்கும். டவுன் வெளிச்சத்தை விட்டுச் செம்பனைக்காட்டுப் பாதைக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் போதும். பாட்டி மற்ற வெள்ளிகளுக்கு என்ன பெயர் வைத்திருந்தார் என்று அம்மாவிடம் கேட்டு எனக்கு எழுத முடியுமா?