டிக்கெட்டுக்கு முன் ஒரு தொலைபேசி: அமெரிக்கப் பல்கலையின் கட்டாய மருத்துவ விடுப்பு

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: நியூயார்க் பக்கம் இரண்டாமாண்டு படிக்கும் என் 19 வயது மகள், வாழப் பிடிக்கவில்லை என்று அறைத்தோழியிடம் சொல்லியிருக்கிறாள். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தாள். மறுநாளே டீன் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். கட்டாய மருத்துவ விடுப்பு பரிசீலனையில் இருக்கிறதாம், வியாழக்கிழமை சந்திப்பாம், விடுதியைக் காலி செய்யத் தயாராக இருக்க வேண்டுமாம். எங்களிடம் எதுவும் பேச முடியாது என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டோம். அழைத்து வந்துவிடலாமா? படிப்பு போய்விடுமா?

பதில்:

முதலில் இன்றிரவு அவளோடு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் இல்லையென்றால் தோழியோ உறவினரோ ஒருவரைக் கூட இருக்கச் செய்யுங்கள். அங்கே 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

டிக்கெட் இருக்கட்டும், தேதி மாற்ற முடியுமா என்று மட்டும் பாருங்கள். இந்த விவகாரத்தில் குடும்பங்கள் சறுக்குவது டீனிடம் இல்லை, குடிநுழைவில்தான். உங்கள் மகள் இருப்பது எஃப்-1 என்ற மாணவர் விசாவில். அவளுடைய பதிவு செவிஸ் என்ற அமெரிக்க அரசின் கணினி அமைப்பில் இருக்கிறது. அதைத் திருத்தும் அதிகாரம் பல்கலையின் அனைத்துலக மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டிஎஸ்ஓ அதிகாரிக்கு உண்டு. அவர் முன்கூட்டியே ஒப்புதல் பதிந்தால், படிப்பை நிறுத்திய மாணவர் கிளம்ப 15 நாள் அவகாசம் கிடைக்கும். ஒப்புதலுக்கு முன் பாடங்களை விட்டுவிட்டால் அந்த அவகாசம் கிடையாது, பதிவும் தவறான காரணத்தோடு மூடப்படலாம். ஆகவே வரிசை இதுதான்: டிஎஸ்ஓ, பிறகு பாடங்கள், பிறகு விமானம். அவசரத்தில் பலர் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள்.

அங்கேயே தங்கிச் சிகிச்சை பெற அவள் விரும்பினால், மருத்துவக் காரணத்துக்காகப் பாடச் சுமையைக் குறைக்க டிஎஸ்ஓ அனுமதிக்கலாம், முழுமையாகவே விடவும் அனுமதிக்கலாம். மருத்துவரின் கடிதம் வேண்டும். ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம்தான் கணக்கு. விடுப்பில் அனுப்பப்பட்டவருக்கு எல்லாப் பல்கலைகளும் இதைத் தருவதில்லை, கேட்டுப் பாருங்கள்.

உங்களிடம் பேச மறுப்பது திமிரால் அல்ல. ஃபெர்பா என்ற கூட்டரசுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருடையது, கட்டணம் கட்டுவது நீங்களாகவே இருந்தாலும். மகள் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால் போதும், பேசுவார்கள். மருத்துவமனைக்குத் தனிப் படிவம். ஒன்றில் கையெழுத்திட்டுவிட்டு இரண்டுக்கும் சேர்த்துதான் என்று நினைத்துவிடாதீர்கள். கோடைக்காலத்தில் நமக்கு இரவு 9 மணி என்றால் அங்கே காலை 9 மணி. அலுவலகம் திறந்ததும் பிடியுங்கள்.

இனி அந்த மின்னஞ்சலை மறுபடி படியுங்கள். ‘லீவ்’ என்று இருக்கிறதா, ‘வித்டிராயல்’ என்று இருக்கிறதா? லீவ் என்றால் பொதுவாக இடம் அவளுடையதாகவே இருக்கும். வித்டிராயல் என்றால் சில பல்கலைகளில் மறுசேர்க்கைக்கு விண்ணப்பம் போட வேண்டிவரும். யேல் பல்கலையில் 2023 தொடக்கம் வரை மனநலக் காரணத்தால் போனவர்கள் ‘விலகியவர்கள்’தான். 2022 நவம்பரில் வழக்குப் போட்ட பிறகே அது விடுப்பாக மாறியது. ஸ்டான்ஃபோர்டும் இதுபோன்ற வழக்கில் 2019-இல் சமரசம் செய்து விதிகளைத் திருத்தியது. சொல் சின்னது, ஆனால் படிப்பு போகுமா போகாதா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

பல்கலை நினைத்த மாத்திரத்தில் வெளியே அனுப்பிவிட முடியாது. 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும், 1990ஆம் ஆண்டு உடற்குறையுள்ளோர் சட்டமும் மனநோய்க்கும் பொருந்தும். 2011 முதல் நடப்பில் உள்ள விதிகளில் ‘நேரடி அபாயம்’ என்பது பிறருக்கு நேரும் ஆபத்தையே குறிக்கிறது. தனக்குத்தானே ஆபத்து என்ற காரணம் அதில் அப்படியே பொருந்தாது. அதனால் இப்போதெல்லாம் பல்கலைகள், ‘தகுந்த உதவி செய்தும் இவரால் பாதுகாப்பாகப் படிப்பைத் தொடர முடியவில்லை’ என்று எழுதுகின்றன. அப்படியானால் என்ன உதவி செய்து பார்த்தார்கள்? வியாழக்கிழமை இதையே கேட்கச் சொல்லுங்கள். பாடத்தைக் குறைத்தார்களா, விடுதி அறையை மாற்றிப் பார்த்தார்களா, அவளுடைய சொந்த மருத்துவரின் கருத்தைக் கேட்டார்களா? முடிவு எழுத்தில் வரட்டும், காரணமும் மேல்முறையீட்டுக் கெடுவும் அதிலேயே இருக்கட்டும். பாகுபாடு என்று தோன்றினால் அமெரிக்கக் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகத்தில் 180 நாளுக்குள் புகார் செய்யலாம்.

‘நீங்களாகவே விடுப்பு எடுத்துக்கொள்ளுங்களேன்’ என்று அந்தக் கூட்டத்தில் நயமாகச் சொல்வார்கள். அவளுக்கும் ஓய்வு வேண்டும், மருத்துவரும் அதையே சொல்கிறார் என்றால் ஏற்பதில் தவறில்லை, கசப்பில்லாமல் முடியும். ஆனால் தானாக எடுத்த விடுப்புக்கு மேல்முறையீடு பெரும்பாலும் இருக்காது. திரும்பி வர என்ன நிபந்தனை என்பது தாளில் வரும்வரை கையெழுத்து வேண்டாம். ‘ஆறு மாதம் அறிகுறியே இருக்கக் கூடாது’ என்று எல்லாருக்கும் ஒரே அளவுகோலை நீட்டினால், அவளைத் தனியாக மதிப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.

காப்பீட்டையும் மறக்காதீர்கள். பல மாணவர் திட்டங்களில் பருவத்தின் முதல் 31 நாள் வகுப்புக்குப் போயிருக்க வேண்டும், மருத்துவ விலகலுக்கு விலக்கு உண்டா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். இல்லையென்றால் மருத்துவமனைக் கட்டணம் உங்கள் தலையில்.

அழைத்துவர ஒருவர் போவதே நல்லது, தனியே பறக்கவிட வேண்டாம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றால் விசா வேண்டாம், ‘எஸ்டா’ என்ற இணையவழிப் பயண அனுமதி போதும், புறப்படுவதற்குக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன் விண்ணப்பியுங்கள். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிக்கு அது செல்லாது, விசா வேண்டும்.

பெட்டியில் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கட்டும், மருந்துச் சீட்டும் இருக்கட்டும். கவனக்குறைபாட்டுக்குத் தரும் ‘அடெரால்’ மருந்து சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள். அதில் இருப்பது ஆம்ஃபெட்டமின், இங்கே ‘ஏ’ பிரிவுப் போதைப்பொருள். சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி இல்லாமல் சாங்கியில் அதோடு இறங்கக் கூடாது.

இங்கே வந்ததும், 16 முதல் 30 வயதுக்காரர்களுக்கு ‘சாட்’ என்ற இளையர் மனநலச் சேவை இலவசமாக மனநல மதிப்பீடு செய்கிறது. மானியத்தோடு நிபுணரைப் பார்க்க, பலதுறை மருந்தகத்தில் பரிந்துரை வாங்கலாம். நெருக்கடி நேரத்தில் மனநலக் கழகத்தின் 6389 2222, தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்-இன் 1767 இரண்டும் நாள் முழுக்க இயங்கும். பல்கலையின் ‘திரும்புவதற்கான மருத்துவர் படிவ’த்தை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அரசு மருத்துவமனையில் மருத்துவ அறிக்கை கிடைக்க வாரக்கணக்கில் ஆகும், கெடு அதற்குள் ஓடிவிடும்.

விடுப்பு ஐந்து மாதத்தைத் தாண்டினால் புதிய ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலை தரும் படிவம்), மறுபடி 350 அமெரிக்க வெள்ளி செவிஸ் கட்டணம் எல்லாம் உண்டு. விசாவும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கலாம். அது தாமதமாகிறதே என்று எஸ்டாவில் போய் வகுப்பில் உட்கார்ந்துவிட வேண்டாம். எஸ்டாவில் நுழைந்தவர் பட்டப்படிப்புப் படிக்க முடியாது, அங்கிருந்தபடி மாணவர் தகுதிக்கு மாறவும் முடியாது.